ஈட்டிச்சோலையில் விழுந்த நாக்கு

மலைமேல் ஈட்டிச்சோலை என்று ஒரு தேயிலை எஸ்டேட் இருக்கிறது. அங்கே ஒரு நாள் காலையில், ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்க மஸ்டருக்கு நிற்கும் மைதானத்தில், துரை பங்களாவின் படிக்கட்டுக்கு நேர் கீழே, கன்றுக்குட்டி அளவில் ஒரு நாக்கு வந்து விழுந்தது. யாருடைய வாயிலிருந்தும் விழவில்லை, வானத்திலிருந்தும் விழவில்லை. துரை கேட்டு முடித்தார், ஜனங்கள் பதில் சொல்லி முடித்தார்கள், அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற வெற்றிடத்திலிருந்து அது சொத்தென்று விழுந்து, ஒரு முறை சுருண்டு, நீண்டு, படுத்துக்கொண்டது. மேலே வெள்ளையாக மாவு பூத்திருந்தது. ஓரமெல்லாம் மஞ்சள் படிந்து, அடியில் நீல நரம்புகள் புடைத்து, நுனியிலிருந்து எச்சில் நூல் நூலாக வடிந்து புல்லில் இறங்கிக்கொண்டிருந்தது. நாற்றத்தைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை, சொன்னால் அடுத்த வேளைச் சோறு உங்களுக்கு இறங்காது. ஈட்டிச்சோலைக்காரர்களுக்கு அன்று மத்தியானமும் சோறு இறங்கியது, எனக்குக் குமட்டுவது அதை நினைத்துத்தான்.

அந்த எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் வந்த வெள்ளைக்காரத் துரை பழைய மரியாதைகளில் பைத்தியம் கொண்டவன். எதைச் செய்தாலும் செய்துவிட்டு, ஆட்களையெல்லாம் மைதானத்தில் நிறுத்தி, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வராந்தாவில் நின்று, 'ஹவ் சே யீ, குட் பீப்பிள்?' என்று மூன்று தடவை கேட்பான். இங்கிலாந்திலேயே அவனுடைய தாத்தனுக்குத் தாத்தன் காலத்தில் செத்துப்போன இங்கிலீஷ் அது. ஒற்றை ஆளிடம் கேட்பதென்றால் அதற்கு 'வாட் சேயஸ்ட் தவ்', பெண்பிள்ளையிடம் கேட்பதென்றால் தலையைச் சாய்த்து 'ப்ரே, வாட் இஸ் யுவர் மைண்ட்' என்று தனித்தனியாக வைத்திருந்தான். பக்கத்தில் நிற்கிற ரைட்டர் அதையே தமிழில் நீட்டி, 'ஜனங்களே, உங்கள் திருவுள்ளம் யாதோ?' என்பார். ஜனங்கள் கீழே பார்த்துக்கொண்டு 'துரை சித்தம்' என்பார்கள். பிறகு ஆளுக்கொரு பன்னும் வரக்காப்பியும் கிடைக்கும்.

வெள்ளைக்காரன் போய், அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் போய், நம்மவர்களே மேனேஜராகி, அவர்களையும் துரை என்றே கூப்பிடத் தொடங்கிய பிறகும் அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. ஜனங்கள் அதற்கு 'அவுசேயி' என்று பெயர் வைத்து, தாங்கள் குடியிருக்கிற லைன் வீடுகளுக்கும் கொண்டுபோய்விட்டார்கள். மாமியார் குழம்பை இறக்கி வைத்துவிட்டு, என்ன குழம்பு வைக்கலாம் என்று மருமகளிடம் அவுசேயி கேட்டாள். அப்பன் பாக்கு வெற்றிலை மாற்றிவிட்டு வந்து, மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று பெண்ணிடம் அவுசேயி கேட்டான். கேட்கப்பட்டவர்கள் 'உங்க சித்தம்' என்றார்கள். எல்லாரும் எல்லாரையும் கேட்கிற, இவ்வளவு மரியாதையான ஊர் இந்த மலையிலேயே கிடையாது என்று அவர்களுக்கு ஒரு பெருமை வேறு. முடிவுக்குப் பின்னால் கேட்பதற்குத்தான் அங்கே பெயர் இருந்தது. முன்னால் கேட்பதற்குப் பெயரே இல்லை.

நாக்கு விழுந்த அன்று கேட்கப்பட்டது பிள்ளைக் காம்பராவைப் பற்றி. கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார்கள் கைக்குழந்தைகளைத் தொட்டிலில் விட்டுவிட்டுப் போகிற இடம் அது. பங்களாவை ஒட்டிய கல் கட்டடம். காலை வெயில் நேராக உள்ளே வரும், ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். குழந்தைகளுக்கு எதற்குப் பள்ளத்தாக்கு என்று யாருக்கோ தோன்றிவிட்டது. கட்டடம் சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் விடுதியாகும், தொட்டில்கள் கீழே பழைய மருந்துக் கிடங்குக்குப் போகும் என்று இப்போது மேனேஜராக இருக்கிற கிருபாகரன் துரை அறிவித்தார். செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்தை வருஷக்கணக்காக அடுக்கி வைத்து, சுவரெல்லாம் பச்சைநீலமாக ஊறிப்போன கிடங்கு அது. விடுதிக்குப் பலகை மாட்டியாகிவிட்டது, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரைச்சீலை தொங்கியாகிவிட்டது, கட்டிலும் மெத்தையும் இறங்கியாகிவிட்டது. அதற்குப் பிறகு துரை தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஹவ் சே யீ என்று கேட்டார்.

கூட்டத்தில் சொர்ணத்தாய் என்று ஒருத்தி நின்றாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாகக் கொழுந்து எடுக்கிற குடும்பம். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை, பெயர் செல்வராணி. ரைட்டர் நாகலிங்கம் 'திருவுள்ளம் யாதோ' என்று நீட்டியபோது சொர்ணத்தாய் வாயைத் திறந்தாள். அவள் புருஷன் முருகையா பக்கத்தில் நின்று அவள் முழங்கையை அழுத்தினான். அதற்குள் ஊரே சேர்ந்து 'துரை சித்தம்' என்றது. சொத்தென்று அது விழுந்தது.

ஜனங்கள் அதைப் பார்த்தார்கள். பிறகு கூடையை மாட்டிக்கொண்டு, அதைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்கள், ஏனென்றால் வெயில் ஏறினால் கொழுந்து வாடிவிடும். நாய்கள் மட்டும் மோந்து பார்த்துவிட்டு மைதானத்தையே விட்டுப் போயின. அந்த ஊரில் மானமுள்ள ஜென்மங்கள் அவைதான். எஸ்டேட் கம்பவுண்டர் வந்து, மேலே பூத்திருக்கிற மாவைச் சுரண்டிப் பார்த்து, வயிற்றில் கோளாறு என்று சொல்லி, ஒரு வாளி பேதி உப்பைக் கரைத்து ஊற்றினார். வயிறு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. மாரியம்மன் கோயில் பூசாரி மஞ்சள் பூசினார், சர்ச்சிலிருந்து உபதேசியார் வந்து ஜெபம் பண்ணினார், இது யார் பக்கத்து நாக்கு என்று இருவருக்கும் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

என்ன செய்யலாம் என்று சாயங்காலம் துரை மறுபடியும் ஆட்களைக் கூட்டி அவுசேயி கேட்டார். தார்ப்பாய் போட்டு மூடுவது என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்து, தார்ப்பாயும் வந்து இறங்கியிருந்தது. ஜனங்கள் துரை சித்தம் என்றார்கள். எல்லார் கண்முன்னாலும் நாக்கு ஒரு முழம் வளர்ந்து, தார்ப்பாய் பத்தாமல் போயிற்று. டவுனிலிருந்து யூனியன் தலைவர் ஜீப்பில் வந்து, தோழர்களே உங்கள் கருத்துதான் முக்கியம் என்று மைக்கில் கேட்டுவிட்டு, ஜீப்பிலேயே எடுத்துக்கொண்டு வந்திருந்த முடிவை அறிவித்தார். அதற்கு இரண்டு முழம் வளர்ந்தது. வீட்டுக்கு வீடு அவுசேயி கேட்கப்படும்போதெல்லாம் மைதானத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாக ஊறிப் பெருத்தது. கேட்பதை நிறுத்தலாமா என்று யாருக்கும் தோன்றவில்லை, மரியாதையை விட முடியுமா?

ஒரு மாதத்தில் பழகிவிட்டது. எச்சில் ஓடுகிற பாதையில் பலகை போட்டுக்கொண்டார்கள். மூக்கில் தைலம் தடவிக்கொண்டு மஸ்டருக்கு வந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன் முதுகில் ஏறிச் சறுக்கி விளையாடி, வழவழவென்று வீட்டுக்கு வந்து, அப்படியே தட்டின்முன் உட்கார்ந்தார்கள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தேயிலைத்தூளில் ஒரு மாதிரி வாடை ஏறியது, வாங்குகிறவர்கள் குடித்துப் பார்த்து, இந்தத் தடவை சரக்கில் நல்ல அழுத்தம் இருக்கிறது என்றார்கள். அதைத்தான் இந்த நாட்டில் எத்தனையோ பேர் காலையில் எழுந்து குடித்தார்கள். நாக்கைப் பார்க்கவே ஆட்கள் மலையேறி வர, கல் கட்டடத்து விடுதியில் அறை கிடைக்காமல் போயிற்று. இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பெண்மணி துரை கேட்கிற கேள்வியைக் கேட்டுவிட்டு, இப்படிப் பேசுகிறவர்கள் இன்னுமா உயிரோடு இருக்கிறார்கள் என்று வியந்து, அவர் தொப்பியைத் தொட்டுப் பார்த்தாள். துரைக்கு அன்று முழுக்க உச்சி குளிர்ந்திருந்தது.

கிடங்கில் தொட்டில்கள் ஆடின. ஆயா தினமும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினாள், மருந்து வாடை அதற்கெல்லாம் மசியவில்லை. முதலில் குழந்தைகளுக்குத் தோல் தடித்தது. பிறகு தூக்கம் நீண்டது. பிறகு அழுகை நின்றது. புள்ளைக எல்லாம் இப்ப எவ்வளவு சமத்து பாருங்க என்று ஆயா அதை நல்ல சேதியாகத் தாய்மார்களிடம் சொன்னாள், அவர்களும் சரிதான் என்று தலையாட்டினார்கள். சொர்ணத்தாய் ஒரு மத்தியானம் பால் கொடுக்க வந்து, குழந்தையின் முகத்துக்கு நேரே வளையலை ஆட்டினாள். எப்போதும் வளையலைப் பிடுங்க வருகிற செல்வராணி, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே, வளையலைப் பார்க்காமல் கிடந்தாள்.

அன்றைக்கே அவள் சொல்லக் கிளம்பினாள். முருகையாவிடம் சொன்னாள். அவன் பாயில் உட்கார்ந்து, சரி, ஒன் அபிப்பிராயம் என்ன என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டுவிட்டு, அவள் சொல்லத் தொடங்குவதற்குள் பீடியைப் பற்றவைத்து, ஊரோடு ஒத்துப்போகணும்ல என்று முடித்துவிட்டான். ரைட்டரிடம் போனாள். நாகலிங்கம் எழுந்து நின்று, தாயே, உன் திருவுள்ளம் யாதோ என்று கேட்டு, அவள் உதடு பிரிவதற்குள், நல்லது, துரை காதில் போட்டுவிடுகிறேன் என்று கைகூப்பினார். துரையிடமே போனாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சாய்த்து, 'ப்ரே, வாட் இஸ் யுவர் மைண்ட்' என்றார். அவள் மூச்சு இழுப்பதற்குள் தொப்பி தலைக்குப் போய்விட்டது. அவள் எங்கெங்கே போனாளோ அங்கெல்லாம் கேள்வி தயாராக நின்றது, பதில் வைக்கத்தான் இடமில்லை. குழந்தையை வேலைக்குத் தூக்கிப் போகக்கூடாது, வேலைக்குப் போகாவிட்டால் லைன் வீட்டைக் காலி பண்ண வேண்டும். 

மனிதர்கள் தீர்ந்துபோனதால் மறுநாள் மஸ்டரில் அவள் நாக்கிடம் போய் நின்றாள். மூக்கைப் பொத்தவில்லை. அதைப் பார்த்து நேராகச் சொன்னாள்.

"எனக்கு இஷ்டமில்ல. எம்புள்ளைய மருந்து ரூம்ல போடமாட்டேன். வெயில் வர்ற எடத்துல இருந்த தொட்டில எடுத்து வெஷத்துல கட்டிட்டு என்னைய என்ன கேள்வி கேக்குறீங்க?"

நாக்கு சிலிர்த்தது. மாவு கொஞ்சம் உதிர்ந்தது. அவுசேயி கேட்கத் தொடங்கிய இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பதில் கிடைத்ததும், எல்லார் கண்முன்னாலும் அது ஒரு சாண் சுருங்கியது.

மைதானமே கைதட்டியது. கிழவிகள் திருஷ்டி கழித்தார்கள், முருகையாவை நாலு பேர் தோளில் தட்டினார்கள், துரையே வராந்தாவிலிருந்து 'பிரேவோ' என்றார். சொர்ணத்தாய்க்கு அழுகை வந்துவிட்டது. கேட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள். சாயங்காலம் குழந்தையைத் தூக்கக் கல் கட்டடத்துக்கே நேராக ஓடினாள். அங்கே திரைச்சீலைக்குப் பின்னால் யாரோ வெளியூர்க்காரர் சோப்பு மணக்கத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். தொட்டில்கள் இருந்த இடத்திலேயே, கிடங்கில், சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தன.

ஊருக்குப் புரிந்தது வேறு. நாக்குக்கு மருந்து கண்டுபிடித்தாயிற்று. இனி தினமும் காலையில் சொர்ணத்தாய் வந்து 'எனக்கு இஷ்டமில்ல' என்று சொல்ல வேண்டியது, நாக்கு சுருங்க வேண்டியது. அவளுக்குக் கொழுந்து எடுக்கிற வேலையிலிருந்து விடுதலை கொடுத்தார்கள், உட்கார நாற்காலி போட்டார்கள், வெயிலுக்குக் குடை பிடித்தார்கள். செல்வராணியையாவது மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று அவள் கேட்டபோது, நாக்குக்குப் பக்கத்தில் பச்சைக் குழந்தை ஆகாது, சுகாதாரக் கேடு என்று துரை சொல்லிவிட்டார். அவள் தினமும் சொன்னாள். தொட்டிலைச் சொன்னாள், சுவரைச் சொன்னாள், வளையலைப் பார்க்காத கண்ணைச் சொன்னாள், சொல்லிச் சொல்லிக் கத்தினாள், ஒரு நாள் மண்ணை வாரித் தூற்றினாள். எவ்வளவு உருக்கமாகச் சொன்னாளோ அவ்வளவு நன்றாகச் சுருங்கியது. அவள் முடித்ததும் கைதட்டிவிட்டு, இன்னைக்கு நல்லா சொன்ன தாயி என்று பாராட்டிவிட்டு, கலைந்து போனார்கள். பெருத்திருந்தது மறுபடியும் கன்றுக்குட்டியாகி, கன்றுக்குட்டி ஆட்டுக்குட்டியாகி, ஆட்டுக்குட்டி பூனையாகி, நாற்றம் விட்டு, ஊருக்குப் பசியெடுத்துச் சாப்பாடு ருசித்தது. இதை எழுதும்போதே எனக்கு எழுந்துபோய் வாயைக் கொப்பளிக்க வேண்டும்போல இருக்கிறது.

நாக்கு செருப்பளவு ஆன நாளில் சொர்ணத்தாய் யோசித்தாள். தன் வாயை வைத்து இவர்கள் ஊரைக் கழுவிக்கொள்கிறார்கள் என்பது அவளுக்குப் பட்டது. இது கரைந்துபோனால் பிறகு ஈட்டிச்சோலையில் நாறுவதற்கு எதுவும் மிஞ்சாது, கிடங்கில் குழந்தைகள் சமத்தாகத் தூங்கும். மறுநாள் காலையில் அவள் கிடங்குக்குப் போய், ஆயாவைத் தள்ளிவிட்டு, செல்வராணியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

சொல்லு தாயி, உன் திருவுள்ளம் யாதோ என்றார் ரைட்டர். அவள் சொல்லவில்லை. நாக்கு ஒரு சாண் ஏறியது. பெண்கள் வந்து கெஞ்சினார்கள், என்னதான் ஒன் மனசுல இருக்கு என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டார்கள், அவர்களுடைய பிள்ளைகளும் அதே கிடங்கில்தான் கிடந்தன, ஒருத்திக்கும் அதைப் பற்றிப் பேச வாய் வரவில்லை, நாற்றத்தைப் பற்றி மட்டும் அழுதார்கள். கேட்கக் கேட்க அது விட்ட இடத்தையெல்லாம் பிடித்தது. முருகையா வந்து, ஊர் முன்னால் என்னை அசிங்கப்படுத்தாதே, வீட்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்று குதித்தான்.  துரை வராந்தாவிலிருந்தபடி தொப்பியைக் கழற்றி, 'ப்ரே' என்று தொடங்கினார். அந்த ஒரு சொல்லுக்கே நாக்கு யானையளவு எழும்பி, மைதானத்தை நிறைத்து, படியேறி, கல் கட்டடத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், பூப்போட்ட திரைச்சீலையை வழித்து, மெத்தைகளை ஒவ்வொன்றாக நக்கியது. தங்கியிருந்தவர்கள் துண்டோடு ஓடினார்கள். எச்சில் வாசற்படியில் அருவியாகக் கொட்டியது.

கடைசியில் கிருபாகரன் துரை இறங்கி வந்தார். அந்தப் படியில் துரைகள் இறங்கி வந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. தொப்பி எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, முழங்கால் வரை வழவழப்பில் நடந்து, நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார். அவருக்கு இங்கிலீஷும் மறந்திருந்தது.

"என்னம்மா செய்யணும்?" என்று கேட்டார்.

எல்லாரும் நாக்கைப் பார்த்தார்கள். அது வளரவில்லை. சொர்ணத்தாயும் அது வளரவில்லை என்பதை நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

"தொட்டில எல்லாம் தூக்கிட்டு வந்து பழைய எடத்துல கட்டுங்க," என்றாள்.

ஓடினார்கள் பாருங்கள், அப்படி ஒரு ஓட்டம். குழந்தைகளுக்காக ஓடினார்கள் என்று தப்புக் கணக்குப் போட்டுவிடாதீர்கள், மூக்குக்காக ஓடினார்கள். ஆளுக்கொரு தொட்டிலாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், ரைட்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு தூக்கினார், துரை ஒன்று தூக்கினார், அவருக்குத் தொட்டிலைப் பிடிக்கத் தெரியாமல் கவிழ்க்கப் பார்க்க, முருகையா வந்து மறுபுறம் தாங்கினான். கட்டில்களை வெளியே எறிந்து, ஜன்னலைத் திறந்து, விட்டத்தில் கயிறு மாட்டினார்கள். ஒவ்வொரு தொட்டில் ஏறும்போதும் நாக்கு ஒரு படி இறங்கியது. கடைசித் தொட்டில் ஏறியதும் அது மைதானத்தின் நடுவே சுருங்கி, வற்றி, புல்லுக்குள் உறிஞ்சப்பட்டுப் போயிற்று. ஈரம் மட்டும் பளபளவென்று மிஞ்சியது. வெயில் வந்து தொட்டிலில் விழுந்தது. வெகுநேரம் கழித்து ஏதோ ஒரு குழந்தை மெதுவாகச் சிணுங்கியது, பிறகு இன்னொன்று, பிறகு சொர்ணத்தாயின் இடுப்பிலிருந்து செல்வராணி வீறிட்டு, வளையலைப் பிடித்து இழுத்து இழுத்து அழுதாள்.

துரை பெருமூச்சு விட்டார். கைக்குட்டையால் கையைத் துடைத்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். ஜனங்களும் கூடையைத் தேட ஆரம்பித்தார்கள்.

"எங்க போறீங்க தொரை?" என்றாள் சொர்ணத்தாய்.

அவர் நின்றார்.

"என்ன செய்யணும்னு கேட்டீங்கல்ல. இப்பத்தான ஒண்ணு சொல்லிருக்கேன். இன்னும் இருக்கு. கூரை இருக்கு, கக்கூஸ் இருக்கு, தண்ணி இருக்கு, அட்டை கடிச்சுப் புண்ணான காலு இருக்கு, இந்தா நிக்கிறாரே எம்புருஷன், அவரு பத்தியும் இருக்கு. எல்லாத்தையும் சொல்லணும். உக்காருங்க."

அவர் சுற்றும் முற்றும் நாற்காலி தேடினார். மைதானத்தில் இருந்த ஒரே நாற்காலியில் அவள் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அவர் தரையைப் பார்த்தார். எச்சில் இன்னும் காயவில்லை. அதிலேயே உட்கார்ந்தார்.